எனக்கு நினைவில்லை என்றேன்

இது நடந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. மெல்பேர்னின் தென்கிழக்கில், நோபல் பார்க்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடத்தில் போகக்கூடிய ஒரு திருமண மண்டபம். மாசி மாதத்து வெயில் காலையிலேயே சுட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்லதாக ஏதோ செய்துவிட்டதாக என்னைப் பற்றிச் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது முழு உண்மை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கமரா வேலை செய்பவள். பதினாறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தேன். அப்போது ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் செய்திப் பிரிவில் பதினொரு வருடங்களாக வேலை செய்துகொண்டிருந்தேன். நிரந்தர வேலை இல்லை. ஒவ்வொரு பங்குனிக் கடைசியிலும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். பதினொரு தடவை புதுப்பித்துவிட்டார்கள், பன்னிரண்டாவது தடவையும் புதுப்பிப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

என்னோடு அடிக்கடி வெளியே வருகிற நிருபர் ஓர் இளம்பெண். தெற்கு சூடானைச் சேர்ந்த பெற்றோருக்குக் கென்யாவில் ஓர் அகதி முகாமில் பிறந்தவள். ஆறு வயதில் இங்கே வந்து, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் வளர்ந்திருக்கிறாள். ஊடகப் படிப்பில் தன் வருடத்தில் முதலாவதாக வந்தவள். எங்கள் செய்தியறையில் கறுப்பினத்தைச் சேர்ந்த ஒரே நிருபர். தமிழர்கள் மூத்த பெண்களை அன்ரி என்று கூப்பிடுவோம் என்று ஒருநாள் சொன்னேன். “எங்கட ஆக்களும் அப்பிடித்தான்” என்று சிரித்தாள். அன்றிலிருந்து காருக்குள் நான் அவளுக்கு அன்ரி. அலுவலகத்துக்குள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் பேசியதெல்லாம் இங்கிலிஷ்தான். என் காதுக்கு அது எப்படிக் கேட்டதோ அப்படியே எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

அவள் அங்கே மூன்று வருடங்கள் என்ன பட்டாள் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வேலைக்கு வந்த முதல் வாரமே அவளுடைய பெயரைச் சுருக்கச் சொன்னார்கள். பார்ப்பவர்களுக்கு வாயில் நுழையாதாம். தை மாதத்தில் டென்னிஸ் போட்டி வந்தால் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருகிற வீரர்களின் பெயர்களைக் கடதாசியில் எழுதி, ஒலியைக் கேட்டுக் கேட்டுப் பயிற்சி எடுக்கிற அதே ஆட்கள்தான் இதைச் சொன்னார்கள். நாலு எழுத்துப் பெயர் அவளுடையது. அவள் சுருக்க மறுத்துவிட்டாள். அதற்காகவே ‘பிடிவாதக்காரி’ என்ற பெயரைப் பெற்றாள்.

ஒப்பனை அறையில் அவளுடைய தோலுக்குப் பொருந்துகிற பூச்சு இல்லை. கேட்டால் வாங்கச் சொல்லியிருக்கிறோம் என்பார்கள். இரண்டு வருடமாக அதே பதில். அவள் வீட்டிலிருந்து ஒரு சிறு டப்பாவில் கொண்டுவந்து என் காரின் கண்ணாடியைப் பார்த்துப் பூசிக்கொள்வாள். சின்னச் சின்னப் பின்னல்களாகப் பின்னியிருந்த அவளுடைய தலைமயிர் ‘கவனத்தைச் சிதறடிக்கிறது’ என்று ஒருவர் எழுத்திலேயே கொடுத்தார். சில கமராக்காரர்கள் அவளை வெயிலில் நிறுத்தி, பின்னால் இருக்கும் வானத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தை அளந்து எடுத்துவிடுவார்கள். முகம் ஒரு கரிய திட்டாகத்தான் வரும். பிறகு அவள் திரையில் எடுபடவில்லை என்று பேசிக்கொள்வார்கள். என் பள்ளிக்கூடத்துக் குழுப்படங்களில் என் முகமும் அப்படித்தான் இருக்கும். அதனால் அவளை எடுக்கும்போது இடப்பக்கத்தில் ஒரு சின்ன விளக்கைப் பிடித்துக்கொள்வேன். அவ்வளவுதான் வேண்டும். ஒரு சின்ன விளக்கு. அதற்குக்கூட மனம் வராதவர்கள் அவளுடைய திறமையை அளந்தார்கள்.

எல்லாவற்றிலும் மோசம் அவளுக்குக் கொடுத்த வேலைகள். அவளுக்கு மருத்துவமனைகளைப் பற்றி எழுத விருப்பம். அவசரப் பிரிவில் நோயாளிகள் எத்தனை மணிநேரம் காத்திருக்கிறார்கள் என்பதை நாலு மாதம் அலைந்து, தாதியரிடமும் குடும்பங்களிடமும் பேசித் திரட்டினாள். அதைப் பார்த்த செய்தி ஆசிரியர், இது பெரிய விஷயம், அனுபவசாலி ஒருவர் செய்யட்டும் என்று இன்னொருவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஆனால் எங்கேயாவது ஆபிரிக்க முகம் ஒன்று போலீஸ் வண்டிக்குப் பக்கத்தில் தெரிந்தால் போதும், அவளுடைய தொலைபேசி அடிக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் அடித்தது.

சனிக்கிழமை அந்த மண்டபத்தில் தெற்கு சூடான் குடும்பம் ஒன்றின் திருமண வரவேற்பு. மண்டபத்து வாகனத் தரிப்பிடத்தில் கைகலப்பு நடந்து, ஒரு கார்க் கண்ணாடி உடைந்து, போலீஸ் வந்திருக்கிறது. யாரோ கைத்தொலைபேசியில் எடுத்த அரை நிமிடப் படம் காலைக்குள் எல்லா இடமும் பரவிவிட்டது. திருமண உடையோடு ஆட்கள் ஓடுவதும், பெண்கள் கத்துவதும்தான் அதில் தெரியும். செய்தி ஆசிரியர் அவளிடம், “நீ போ. உன்னோடதான் அதுகள் கதைக்குங்கள்” என்றாராம். காருக்குள் ஏறியதும் அவள் அதை எனக்குச் சொல்லிக் காட்டினாள். “‘அதுகள்’ எண்டதுக்குள்ள நானும் இருக்கிறனோ இல்லையோ எண்டு கேட்க வாய் வந்தது அன்ரி, கேட்கேல்லை” என்றாள்.

மண்டபத்து வாசலில் ஒரு பாதுகாவலர் நின்றார். அவள் முன்னால் போய்த் தன் நிருபர் அட்டையை நீட்டினாள். அவர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு பின்னால் கமராவோடு நின்ற என்னைப் பார்த்து, “இவ உங்களோட வந்தவவோ?” என்று கேட்டார்.

“இல்லை, நான்தான் அவவோட வந்தனான்” என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் யோசித்துத்தான் விலகினார்.

அவள் ஆட்களோடு பேசப் போனாள். நான் வழக்கம்போலப் பொதுவான காட்சிகளை எடுத்தேன். மண்டபம், உடைந்த கண்ணாடித் துண்டுகள், தரையில் கிடந்த பூக்கள். அப்போது ஓர் இளம்பெண் அலங்காரச் சாமான்கள் நிறைந்த பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து காரில் வைத்தாள். கைகளில் மருதாணி. அழுது வீங்கின முகம். அதையும் எடுத்தேன். அது எங்கள் தொழிலில் கைப்பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. அவள்தான் மணப்பெண் என்று பிறகுதான் தெரிந்தது.

என் நிருபர் அவளோடு கால்மணி நேரம் பேசினாள். கமரா இல்லாமல், கையில் குறிப்புப் புத்தகம்கூட இல்லாமல், அவள் தூக்கி வந்த அடுத்த பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பேசினாள். நடந்தது இதுதான். பக்கத்தில் இருந்த மதுச்சாலையிலிருந்து வந்த இரண்டு பேர், கல்யாணத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லாதவர்கள், தரிப்பிடத்தில் தங்களுக்குள் அடிபட்டிருக்கிறார்கள். விலக்கப் போன மணப்பெண்ணின் பெரியப்பாவுக்கு முகத்தில் அடி. கண்ணாடி உடைந்ததும் பயந்துபோய் எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். அந்த ஓட்டம்தான் படமாகப் பரவியது. அந்த இரண்டு பேரும் வெள்ளைக்காரர்கள் என்பதையும், போலீஸ் அவர்களைத்தான் கூட்டிக்கொண்டு போனது என்பதையும் மண்டப முகாமையாளரே எங்களுக்குச் சொன்னார். அதையும் பதிவு செய்தோம்.

மணப்பெண் கமராவுக்கு முன்னால் பேச ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தாள். முகம் காட்டக் கூடாது. அவள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். “பிள்ளைகளின்ர தாய் தகப்பன் இதைப் பார்த்தால் என்ன நினைப்பினம்?” என்றாள். என் நிருபர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, முகம் எங்கேயும் வராது, அது என் வாக்கு என்றாள். பிறகு, ஒலியைச் சரிபார்க்கப் பதிவை ஓடவிட்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் ஏதோ சொல்லித் தலையாட்டினேன். அவளைப் பின்பக்கமாக உட்கார்த்தி, மருதாணிக் கைகளை மட்டும் எடுத்தேன்.

திரும்பி வரும்போதே நிருபர் காரிலிருந்து அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள். மணப்பெண்ணின் முகம் போடக் கூடாது, முதலில் எடுத்த காட்சிகளிலும் அவள் இருக்கிறாள், கவனம் என்று இரண்டு தரம் சொன்னாள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் காதில் அது தெளிவாக விழுந்தது. மறுபக்கத்தில் செய்தி ஆசிரியர் சரி சரி என்றதும் விழுந்தது.

பின்னேரம் நாலு மணிக்கு அவள் எழுதிய செய்தியை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இன்னொரு மூத்த நிருபர் குரல் கொடுப்பார் என்றார்கள். காரணம், நீ இந்த விஷயத்துக்கு மிகவும் கிட்ட நிற்கிறாய், உன்னால் நடுநிலையாக இருக்க முடியாது. காலையில் அவளை அனுப்பும்போது அவளுடைய நிறம் தகுதியாக இருந்தது. பின்னேரம் அதே நிறம் குற்றமாகிவிட்டது. ஒரே நாளுக்குள்.

ஆறு மணிச் செய்தியில் ‘ஆபிரிக்கத் திருமணத்தில் கலவரம்’ என்று போட்டார்கள். மதுச்சாலை ஆட்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. முகாமையாளர் சொன்னதும் இல்லை. மணப்பெண் நீளமாகப் பேசியதிலிருந்து “எல்லாரும் ஓடினார்கள், எனக்குப் பயமாக இருந்தது” என்ற துண்டை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். அந்தக் குரலுக்கு மேலே, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் அவளுடைய அழுத முகம். திரை நிறைய. நான் எடுத்த படம். கடைசியில் என் நிருபர் மண்டபத்துக்கு முன்னால் நின்று பேசியதிலும் ஒரு வரியை வைத்திருந்தார்கள். “இந்தச் சமூகத்துக்கு இது கடினமான நாள்” என்பது. அதன் பிறகு அவள் சொன்ன நாலு வரிகளும் இல்லை. ஒரு கறுப்புப் பெண்ணே சொல்லிவிட்டாளே, இனி யார் எங்களை இனவாதிகள் என்று சொல்ல முடியும்? அவளுடைய முகத்தை அவர்கள் அதற்குத்தான் பயன்படுத்தினார்கள்.

திங்கட்கிழமை காலை மணப்பெண்ணைக் காப்பகத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சில பெற்றோர்கள் கேள்வி கேட்கிறார்கள், கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்றார்களாம். அவள் அழுதுகொண்டு நிருபருக்குத் தொலைபேசி எடுத்தாள். நிருபர் உடனே எழுத்தில் முறைப்பாடு கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். என்னையும்.

அறைக்குள் போகமுதல் நடைவழியில் செய்தி ஆசிரியர் என்னை நிறுத்தினார். நல்ல மனிதர் போலச் சிரித்தார். “உன்னுடைய ஒப்பந்தம் என்ர மேசையிலதான் கிடக்கு. அடுத்த கிழமை முடிச்சிடுவம்” என்றார். பிறகு கதவைத் திறந்து என்னை முதலில் உள்ளே போக விட்டார்.

உள்ளே அவர், ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் ஆளணிப் பிரிவிலிருந்து ஒரு பெண், நிருபர், நான். தான் அப்படி ஒரு வாக்குக் கொடுத்ததை அலுவலகத்துக்குச் சொன்னதாக நிருபர் சொன்னாள். தனக்கு யாரும் சொல்லவில்லை, அப்படி ஒரு வாக்கு இருந்ததாகவே தெரியாது என்று ஆசிரியர் சொன்னார். மூலப் பதிவை எடுத்துக் கேட்டால் தெரிந்துவிடும் என்றாள் அவள். அதற்கு அவர், “பதிவு எதுக்கு? கமரா பிடிச்சவவே இருக்கிறா. அவவையே கேட்பம்” என்று என் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு வாக்குறுதி கொடுத்ததை நீ கேட்டாயா என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நிருபரின் முகத்தில் ஒரு கவலையும் இருக்கவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

“நான் ஒலியளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக நினைவில்லை” என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அது கோபம் இல்லை. தனக்கு ஏதோ சரியாகக் கேட்கவில்லையோ என்பது போன்ற பார்வை.

அப்படி ஒரு வாக்குக் கொடுத்திருந்தாலும் அது அனுமதியில்லாதது, அதை மேலிடத்துக்குத் தெரிவிக்கவும் இல்லை என்று அவளுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். கமராவுக்கு முன்னால் நிற்பதிலிருந்து ‘கொஞ்சம் ஓய்வு’ என்றார்கள். ஒரு மூலையில் உட்கார்ந்து மற்றவர்களின் செய்திகளை இணையத்துக்குச் சுருக்கி எழுதுகிற வேலை. அவளுடைய சமூகத்து ஆட்களோ, எங்களைக் காட்டிக் கொடுத்தவள் என்று அவளுக்கு எழுதினார்கள். அவளுடைய தாயைத் தேவாலயத்தில் யாரும் பக்கத்தில் உட்கார விடவில்லையாம்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது என் கணவர் பெருமூச்சு விட்டார். “நல்லகாலம், நீர் வாயைக் குடுக்கேல்லை. எங்களுக்கு ஏனப்பா உந்த வில்லங்கம்? அவையின்ர பிரச்சினையை அவை பார்ப்பினம்” என்றார். நானும் ஓம் என்றேன். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் சொன்னது நான் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்ததுதான். அடுத்த கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டேன். சாப்பிட்டேன், தூங்கினேன். அலுவலகத்தில் அவளுடைய மூலையைத் தாண்டிப் போகாமல் சுற்றுவழியால் போனேன். உண்மையிலேயே எனக்கு நினைவில்லைத்தானே என்று நம்பக்கூடத் தொடங்கிவிட்டேன்.

கையெழுத்துப் போட்ட அதே கிழமை, வியாழக்கிழமை பிரதோஷம். கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போயிருந்தேன். பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கும்போது, தெரிந்த பெண்மணி ஒருவர், நான் அன்ரி என்று கூப்பிடுபவர், பின்னாலிருந்து தோளைத் தொட்டார்.

“பிள்ளை, உங்கட ரீவியில வேலை செய்யிற அந்தக் காப்பிலிப் பெட்டை தன்ர ஆக்களையே காட்டிக் குடுத்திட்டாளாமே? அதுகளை நம்பி எப்பிடி வேலைக்கு எடுக்கினம்?”

ஆபிரிக்கர்களை இழிவாகச் சொல்கிற அந்தக் ‘காப்பிலி’ எனக்குப் புதியது இல்லை. எங்கள் வீட்டிலும் புழங்கிய சொல்தான். நானே சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொண்டும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அது என் முகத்தில் வந்து விழுந்ததுபோல இருந்தது. ஒரு காலத்தில் இதே செய்தியறையில் எங்கள் ஆட்களை ‘படகில் வந்தவர்கள்’ என்ற ஒரே பெயரில் காட்டினார்கள். அவர்கள் எந்த ஊர், எதற்காக ஓடி வந்தார்கள், யாரைப் பறிகொடுத்தார்கள் என்று ஒன்றும் இல்லை, முகங்கள் மட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த முகங்களைத் தேடி எடுத்துக் கொடுத்தவளும் நான்தான். அப்போதும் வாய் திறக்கவில்லை. அந்தச் செய்திகளைப் பார்த்துவிட்டு எங்களை ஏன் இப்படிக் காட்டுகிறான்கள் என்று கோயில் வாசலில் நின்று கொதித்த அதே அன்ரிதான் இன்றைக்கு இன்னொருத்தியைப் பற்றி இப்படிக் கேட்கிறார்.

“அவள் ஒருத்தரையும் காட்டிக் குடுக்கேல்லை அன்ரி. காட்டிக் குடுத்தது நான்” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பிரசாதம் வாங்காமலே வந்து காரில் ஏறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்கு ஒரு மணிநேரம் முந்திப் போனேன். எடுத்த காட்சிகளின் மூலப் பதிவுகள் ஒரு மாதம் வரைக்கும் கணினிச் சேமிப்பில் இருக்கும், பிறகு தானாகவே அழிந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவைத் தேடி எடுத்துக் காதுக்குழாயைப் போட்டேன்.

நிருபரின் குரல் தெளிவாக இருந்தது. முகம் எங்கேயும் வராது, அது என் வாக்கு என்கிறாள். அதற்குப் பிறகு ஒரு சிறு இடைவெளி. பிறகு கமராவுக்கு மிக அருகில் இன்னொரு குரல். “பயப்படாதேயும் பிள்ளை. நானும் சொல்றன். உம்மட முகம் வராது.”

என்னுடைய குரல். தலையாட்டினேன் என்றுதான் எனக்கு நினைவு இருந்தது. ஏதோ சொன்னேன் என்று இருந்தது. நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். தன்னுடைய கல்யாணத்துக்கு அடுத்த நாள் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, என் சொந்த வாயால்.

அந்தப் பதிவைப் பிரதி எடுத்தேன். இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். காரிலிருந்து அவள் தொலைபேசியில் சொன்னது, நடைவழியில் ஆசிரியர் என்னிடம் சொன்னது, அறைக்குள் நான் பொய் சொன்னது, எல்லாம். ‘நினைவில்லை’ என்பதை ‘பொய்’ என்று எழுதத்தான் நிறைய நேரம் எடுத்தது. இரண்டையும் ஆளணிப் பிரிவுப் பெண்ணின் கையில் கொடுத்தேன். பிறகு அந்த மூலைக்குப் போனேன்.

அவள் யாரோ எழுதிய விளையாட்டுச் செய்தி ஒன்றைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செய்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

“பத்து நாள். இந்தப் பத்து நாளும் நான் உண்மையிலேயே அப்பிடிச் சொன்னனானோ, இல்லாட்டி எனக்குத்தான் விசரோ எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். அவர் பொய் சொல்லுவார் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை. அதால என்னிலதான் பிழை எண்டு நினைச்சன்.”

நான் போக எழும்பினேன்.

“நன்றி சொல்றன்” என்றாள். “மன்னிக்கிறதுக்கு எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும்.” அன்ரி என்று சொல்லவில்லை. அலுவலகம் என்பதால் சொல்லவில்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பிறகு நடந்தவற்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவளுடைய எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். செய்தியை இணையத்திலிருந்து நீக்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வானிலைக்கு முன்னால், நாலைந்து விநாடிகளில் ஒரு திருத்தம் வாசித்தார்கள். கல்யாணத்தைக் கலவரம் என்று சொல்ல மூன்று நிமிடம் எடுத்தவர்கள். செய்தி ஆசிரியருக்கு என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? ஆறு மாதத்தில் பதவி உயர்ந்து சிட்னித் தலைமை அலுவலகத்துக்குப் போனார். கேக் வெட்டி அனுப்பி வைத்தார்கள். என்னுடைய புதிய ஒப்பந்தத்தைப் பிரிவைச் சீரமைக்கிறோம் என்று சொல்லி மூன்றாம் மாதமே முடித்துவிட்டார்கள். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரைகளைப் பதிவு செய்கிறேன்.

அவளும் அங்கே இருக்கவில்லை. ஒரு சிறிய வானொலி நிலையத்தில், தான் விரும்பிய மருத்துவமனைச் செய்திகளைச் செய்கிறாள். தொலைக்காட்சிக்கு ஏன் திரும்பிப் போகவில்லை என்று ஒருநாள் கேட்டேன். “வானொலியில என்ர முகத்தை வைச்சு ஒருத்தரும் ஒண்டும் செய்ய ஏலாது” என்றாள். சிரிக்காமல் சொன்னாள். நாங்கள் எப்போதாவது பேசிக்கொள்கிறோம். அந்தக் ‘கொஞ்ச நாள்’ முடிந்துவிட்டதா என்று நான் கேட்டதில்லை.

மணப்பெண்ணின் வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். காப்பகம் அவளைத் திரும்பக் கூப்பிட்டிருந்தது. அவள் போகவில்லை. தொலைக்காட்சியில் என்னைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைத் தரத் தயங்கினவர்களின் முகத்தைத் தினமும் பார்க்க முடியாது என்றாள். வாசலிலேயே நின்று நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். “என்ர கலியாணப் படங்களை ஒரு நூறு பேர் பார்த்திருப்பினம். நீங்கள் எடுத்ததை முழு மெல்பேர்னும் பார்த்தது” என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருக்கலாம். அதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

கதை தெரிந்த சிலர், வேலை போனாலும் பரவாயில்லை என்று உண்மைக்காக நின்றீர்களே என்று என்னைப் பாராட்டும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தச் செய்தியறை மீது, சிட்னியில் நல்லாக இருக்கும் அந்த மனிதர் மீது, முக்கியமாக என் மீது. மூன்று வருடங்கள் ஒரு திறமைசாலியைத் தினம் கொஞ்சமாக அவமானப்படுத்தியவர்களால்கூட அவளைத் தன் மீதே சந்தேகப்பட வைக்க முடியவில்லை. பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்த என்னால் அதைச் செய்ய முடிந்தது. அதனால்தான், நான் பத்து நாள் பிந்திக் கொண்டுபோய்க் கொடுத்த அந்தப் பதிவை இன்றுவரை உண்மை என்று மட்டும் சொல்கிறேன், நேர்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.